மேஸ்திரி இருக்கும்போது ஆர்க்கிடெக்ட் எதுக்கு?

போன மாதம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். திருமங்கலம் பக்கம் மூன்று சென்ட் வாங்கிப் போட்டிருந்தான். இப்போது வங்கிக் கடன் கிடைத்துவிட்டது, தை பிறந்ததும் வானம் தோண்டணும் என்றான். "மேஸ்திரி ரெடிண்ணே. பிளானும் அவரே போட்டுக் குடுத்துட்டாரு. ஆர்க்கிடெக்ட் வைக்கணுமான்னுதான் யோசனை. ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கேக்குறாங்க. அந்தக் காசுக்கு வீடு பூரா நல்ல டைல்ஸ் போட்டுறலாமே?"

போனில் சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். அது எனக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்த நீளமான பதில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆர்க்கிடெக்டும் இல்லை, சிவில் இன்ஜினியரும் இல்லை. 2011இல் ஆர்க்கிடெக்ட் இல்லாமல் கட்டிய வீட்டில் இருந்தவன். அதே வீட்டை 2022இல் ஒரு ஆர்க்கிடெக்டை வைத்துத் திருத்தியவன். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் படித்தேன். அவ்வளவுதான் என் தகுதி.

எங்கள் வீடு மதுரைக்கு வடக்கே ஊமச்சிகுளம் போகும் வழியில் இருக்கிறது. முப்பதுக்கு ஐம்பது மனை. சுமார் மூன்றரை சென்ட். அப்பா ஓய்வு பெற்றதும் பி.எஃப். பணம், அம்மாவின் நகை எல்லாவற்றையும் போட்டுக் கட்டினார். ஊரில் பேர் உள்ள மேஸ்திரி, நேர்மையான ஆள். சிமெண்டில் குறை வைக்கவில்லை, கம்பியில் குறை வைக்கவில்லை. இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஆர்க்கிடெக்ட் வேண்டும் என்று பேசுகிறவர்கள் பலரும் மேஸ்திரியைத் திருடனாக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் மேஸ்திரி திருடன் இல்லை. நன்றாகத்தான் கட்டினார். எதைக் கட்டுவது என்று உட்கார்ந்து யோசிக்கத்தான் அந்த வேலையில் ஒருவரும் இல்லை.

அப்போது 'பிளான்' என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆபீஸ் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர் சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தார். நம்மில் பலருக்கு இங்கேதான் குழப்பம். அது அனுமதிக்கான வரைபடம். மனையில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம், எத்தனை சதுர அடி, எத்தனை மாடி என்று அரசாங்கத்துக்குச் சொல்கிற தாள். கொத்தனாருக்குத் தேவைப்படும் சங்கதிகள் அதில் இருக்காது. சுவிட்ச் போர்டு எங்கே, ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை அடி, கழிவறைக்கும் அறைக்கும் தரை எத்தனை அங்குலம் வித்தியாசம், படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் சொல்வது வேறு வரைபடம். கட்டுவதற்கான வரைபடம். ஒரு சாதாரண வீட்டுக்கே அது பத்து இருபது தாள் வரும். எங்கள் வீட்டுக்கு அது ஒரு தாள்கூட இல்லை. அந்த முடிவுகளையெல்லாம் அன்றன்றைக்குக் காலையில், சாரத்தில் நின்றபடி, அவரவர் எடுத்தார்கள். சுவிட்ச் போர்டு இடத்தை எலக்ட்ரீஷியன் முடிவு பண்ணினார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை ஆசாரி முடிவு பண்ணினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அதனால்தான் எங்கள் முன்னறையில் கதவைச் சாத்திவிட்டுத்தான் விளக்குப் போட வேண்டும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். படி அப்படி இல்லை. தரையிலிருந்து மேல்தளம் வரை பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். மேஸ்திரி ஒதுக்கிய இடத்தில் பதினைந்து படிதான் வந்தது. 126ஐ 15ஆல் வகுத்தால் ஒரு படிக்கு எட்டரை அங்குலத்துக்குக் கிட்டே. தேசிய கட்டட விதித்தொகுப்பு, 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, வீட்டுப் படிக்கு 190 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்கிறது. அது ஏழரை அங்குலம். பதினெட்டுப் படி வைத்திருந்தால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்தில் சுகமாக ஏறியிருக்கலாம். திரும்பி ஏறும் படிதானே, அதற்குத் தேவை நீளத்தில் கூடுதலாக ஒன்றரை அடி. பக்கத்தில் இருந்த ஸ்டோர் ரூமிலிருந்து தாராளமாக எடுத்திருக்கலாம். ஆனால் படி கட்டும்போது ஸ்டோர் ரூம் சுவர் ஏற்கெனவே எழும்பிவிட்டது! அம்மாவுக்கு மூட்டுவலி வந்ததும் மொட்டைமாடி கைவிட்டுப் போச்சு. வத்தல் போடுவது, துணி காயப்போடுவது எல்லாம் நின்றது. அம்மா இதற்கு முழங்காலைத்தான் குற்றம் சொன்னார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்தது மேற்குப் பக்கம். வாஸ்துப்படி பெரியவர்கள் படுக்கை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த அறைக்கு மேற்கில் நாலடி அகலத்தில், நாலடி உயரத்தில் ஒரு ஜன்னல் வைத்து, மேலே ரெண்டடி சன்ஷேட் போட்டார்கள். எல்லா ஜன்னலுக்கும் ரெண்டடிதான், திசை எதுவானாலும். இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மதுரை ஏறக்குறைய பத்து டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. உச்சி வெயில் தலைக்கு மேலே ஏறி நிற்கும்போது ரெண்டடி சன்ஷேட் நன்றாகவே நிழல் தரும். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 35 டிகிரி உயரத்துக்கு இறங்கி, ஜன்னலுக்கு நேரே நிற்கும். அப்போது ரெண்டடி சன்ஷேட்டின் நிழல் ஜன்னலில் ஒன்றரை அடிக்கும் குறைவாகத்தான் விழும். ஐந்து மணிக்கு முக்கால் அடி. மிச்சமெல்லாம் வெயில். மேற்கு ஜன்னலுக்கு மேலிருந்து தொங்கும் பலகை எத்தனை நீளமானாலும் பயனில்லை. பக்கவாட்டில் மறைப்பு வேண்டும், அல்லது மரம், பந்தல், தாழ்வாரம் மாதிரி ஏதாவது வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள ஐந்து வருடப் படிப்பு வேண்டியதில்லைதான். ஆனால் யாராவது ஒருவர் அதைக் கேட்க வேண்டுமல்லவா? எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்குக்கூட அந்தச் சுவரில் கை வைத்தால் சுடும்.

நம்முடைய பழைய வீடுகள் எப்படி ஆர்க்கிடெக்ட் இல்லாமலே அவ்வளவு நன்றாக இருந்தன என்று ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்தது. நான் புரிந்துகொண்டது இதுதான்: அந்த வீடுகளுக்கும் வடிவமைப்பு இருந்தது, ஆனால் அது ஒரு ஆளிடம் இல்லை, ஊரிடம் இருந்தது. திண்ணை, ரேழி, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் இரண்டாம் கட்டு. எத்தனை பத்தி, எத்தனை கட்டு என்று சொன்னால் போதும், மிச்சம் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கையோடு வரும். பல தலைமுறை வாழ்ந்து பார்த்து, தப்பைத் திருத்தித் திருத்தி வந்த பிளான் அது. முப்பதுக்கு நாற்பது மனை, நாலு பக்கமும் இடம் விடணும், கார் நிற்கணும், கழிவறை வீட்டுக்குள்ளே வரணும், மேலே கான்கிரீட் என்று ஆனபோது அந்த வடிவம் உடைந்தது. அதன் இடத்தில் புதிதாக ஒன்று இன்னும் ஊறி வரவில்லை. இன்றைய மேஸ்திரியிடம் இருப்பது போன வருஷம் அவர் கட்டிய வீட்டின் நகல். அதற்கு முந்தைய வருஷம் கட்டியதில் குடியிருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் போய்ப் பார்ப்பதில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, அதற்கு யாரும் காசு தருவதில்லை.

சரி, 2022க்கு வருகிறேன்.

அந்த வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீல்சேரில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாசலில் மூன்றடி உயரப் பேஸ்மட்டம், ஐந்து படி. ரோடு போடப் போட உயரும் என்று அப்பாதான் அடம்பிடித்து உயர்த்தினார். நாலு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்தோம். அப்புறம் பாத்ரூம். அதற்கு நிலை ரெண்டே கால் அடி, அதாவது 27 அங்குலம். இரண்டு பக்கமும் கட்டை ரெண்டரை, ரெண்டரை போனால் மிச்சம் 22. வீல்சேர் 25 அங்குலம். அப்பா அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் பணத்தில், அவர் நின்று கட்டிய வீடு.

பழைய மேஸ்திரியைக் கூப்பிட்டோம். பாவம், ஓடி வந்தார். "ஒண்ணும் கவலப்படாதீங்க தம்பி. முன்னால போர்ட்டிகோவ அடைச்சு ஒரு ரூம், ஒரு பாத்ரூம் எடுத்துருவோம். அஞ்சரை லட்சத்துல முடிச்சுரலாம்" என்றார். மேஸ்திரியிடம் கேட்டால் பதில் கட்டுவதாகத்தான் இருக்கும். ஒப்பந்தம் சதுர அடிக் கணக்கில் இருக்கும்போது, 'கட்ட வேண்டாம்' என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. ஏறக்குறைய சரி என்றுகூடச் சொல்லிவிட்டோம். என்னோடு வேலை பார்ப்பவர்தான், ஒரு ஆர்க்கிடெக்டிடம் கேட்டுப் பாருங்கள் என்று நம்பர் கொடுத்தார். சின்ன வேலைக்கெல்லாம் வருவார்களா என்று தயக்கமாக இருந்தது. வந்தார்.

முப்பது வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. வந்ததும் படம் எதுவும் காட்டவில்லை. டேப்பை எடுத்து வீட்டை அளந்தார், முழுசாக. இரண்டு மணி நேரம். அப்புறம் அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டார்: "ஐயா, உங்களுக்கு எந்தக் கை நல்லா இருக்கு?" அப்பா வலது கையைத் தூக்கிக் காட்டினார். அவர் கட்டிலைப் பார்த்தார். வலது பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது கட்டில். அதாவது அப்பா இறங்க வேண்டுமென்றால் செயல்படாத இடது பக்கமாகத்தான் இறங்கியாகணும். பத்து நாளாக அவரை இரண்டு பேர் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். அன்று சாயங்காலம் அப்பா ஒரு ஆள் துணையோடு எழுந்து உட்கார்ந்தார். அதற்கு ஃபீஸ் கிடையாது, சிமெண்ட் கிடையாது.

ஒரு வாரம் கழித்துப் பென்சிலில் மூன்று மாதிரி போட்டு வந்தார். புது அறை எதிலுமே இல்லை. "போர்ட்டிகோவை அடைச்சா முன்னறைக்கு வெளிச்சம் போயிடும். அதோட அந்த ரூமுக்கும் வீல்சேர் ஏறணும்ல? மூணு அடி உயரம் அப்படியேதான் இருக்கு" என்றார். இந்த ரெண்டாவது விஷயத்தை யாருமே யோசிக்கவில்லை. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் இருக்கணும். ஓரடி ஏற பன்னிரண்டு அடி நீளம். மூன்றடிக்கு முப்பத்தாறு அடி. வாசலில் ஏது அவ்வளவு இடம்?

அவர் கண்டுபிடித்தது இது. போர்ட்டிகோவில் கார் ஏறுவதற்காக ஏற்கெனவே ஓரடி ஏற்றம் இருந்தது. மிச்சம் ரெண்டடிதான். அதற்கு 24 அடி. வீட்டின் மேற்குப் பக்கம் காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலரை அடிச் சந்து, பழைய டயரும் உடைந்த பக்கெட்டும் கிடக்கும் இடம். போர்ட்டிகோவிலிருந்து அந்தச் சந்து வழியாகச் சாய்தளத்தை ஏற்றினால் அது நேரே கன்னி மூலை அறையின் மேற்கு ஜன்னலில் போய் முடியும். அந்த ஜன்னலையே கதவாக்கிவிடலாம் என்றார். சுவரை உடைத்தால் வீடு தாங்குமா என்று எனக்குப் பயம். "ஜன்னலுக்கு மேல லிண்டல் ஏற்கெனவே இருக்கு சார். மேல் சுமையை அதுதான் தாங்குது. நாம எடுக்கப் போறது ஜன்னலுக்குக் கீழே இருக்கிற சுவர மட்டும்தான், அது எதையும் தாங்கல" என்றார். ஆனாலும் தன் வார்த்தையை மட்டும் நம்பச் சொல்லாமல், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் ஒரு நாள் கூட்டி வந்து காட்டினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

சந்துக்கு மேலே பைப் சட்டம் போட்டுக் கொடி ஏற்றும் பந்தல். அப்பா வெயில் படாமல் போகலாம், கூடவே அந்த மேற்குச் சுவருக்கு முதல்முறையாக நிழல். பாத்ரூமுக்கு அறைப் பக்கம் இருந்தது நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். அதில் வழியை மூன்றடிக்கு அகலப்படுத்தி, மேலே ஒரு சின்ன லிண்டல், வெளிப்பக்கம் நகரும் கதவு. உள்ளே தரையை உயர்த்தி அறையோடு சமமாக்கி, மூலைக்குச் சரிவு. கைப்பிடி வலது பக்கம்.

முதல் மாதிரியில் பூஜை அலமாரியை நகர்த்தியிருந்தார். அம்மா முடியாது என்றார். இரண்டாவதில் பீரோ இடிக்குது என்றேன். மூன்றாவதை அப்பா தலையாட்டி ஒத்துக்கொண்டார். இந்த மூன்று வாரத்தில் எங்கள் வீட்டில் எத்தனை சுவர் இடிந்து கட்டப்பட்டது என்று நினைத்துப் பார்க்கிறேன். எல்லாம் தாளில். 2011இல் இதே மாதிரி மனம் மாறி ஒரு அடுக்களைச் சுவரை நிஜமாகவே இடித்துக் கட்டினோம். அதற்குப் போன செங்கல், கூலி, ரெண்டு வார வாடகை எல்லாம் அப்பாவின் நோட்டில் இன்னும் இருக்கிறது.

வேலை நடக்கும்போது ஆறு தடவை வந்தார். இதற்கும் ஃபீஸில்தான் கணக்கு. பாத்ரூம் தரை போட்ட அன்று டைல்ஸ் ஒட்டும் முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் குழியைப் பார்க்கப் போகாமல் கதவைப் பார்க்க ஓடி வந்தது. பெயர்த்துத் திரும்பப் போட்டார்கள். இன்னொரு நாள் சாய்தளத்தை நாலடி உள்ளே தள்ளி ஆரம்பித்திருந்தார்கள், கல் மிச்சமாகுமே என்று. நீளம் குறைந்தால் சரிவு கூடும், வீல்சேரைத் தள்ளும் அம்மாவால் முடியாது. அதையும் மாற்ற வேண்டி வந்தது. "முப்பது வருஷமா வேல பாக்குறேன், நேத்து வந்த புள்ள சொல்லி நான் கேக்கணுமா" என்று மேஸ்திரி கோபித்துக்கொண்டு போய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா காபி போட்டுக் கொடுத்து அனுப்பி, சமாதானம் பண்ணிக் கூட்டி வந்தார். அவரையேதான் இந்த வேலைக்கும் வைத்திருந்தோம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். வேலை சுத்தம், எப்போதும் போல.

மொத்தச் செலவு ரெண்டு லட்சத்து அறுபதாயிரம். ஆர்க்கிடெக்ட் ஃபீஸ் நாற்பதாயிரம். ஆக மூன்று லட்சம். மேஸ்திரி சொன்னது அஞ்சரை. ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய லாபம் அந்த ரெண்டரை லட்சம் இல்லை. அப்பா அதன்பின் ஒன்றரை வருஷம் இருந்தார். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கதவு வழியாகப் பந்தலுக்கடியில் வந்து பேப்பர் படித்தார். பாத்ரூமுக்கு மற்றவர்கள் தூக்கிப் போக வேண்டிய நிலை வரவில்லை. அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது பக்கத்தில் இருந்த எங்களுக்குத் தெரியும்.

இனி தம்பி கேட்ட காசுக் கணக்கு. கீழும் மேலுமாக 1,200 சதுர அடி. அவன் பக்கம் சதுர அடி 2,300 என்று பேசியிருக்கிறார்கள். 27 லட்சத்து 60 ஆயிரம். ஆர்க்கிடெக்ட் ஐந்து சதவீதம் கேட்டால் 1 லட்சத்து 38 ஆயிரம். பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் இதைச் சதுர அடியில் சொன்னால் வெறும் அறுபது. மூன்றடி அகலத்தில் இருபதடி நீளத்துக்கு ஒரு நடை. மேஸ்திரி கொடுத்த பிளானை வாட்ஸப்பில் அனுப்பினான், பார்த்தேன். படியிலிருந்து பின் அறைக்குப் போக இருட்டாக ஒரு நடை இருக்கிறது. அளவைக் கூட்டினால் அறுபதுக்கும் மேலேயே வருகிறது. நல்ல ஆர்க்கிடெக்ட் செய்யும் முதல் வேலையே இந்த மாதிரி நடையை விழுங்கி அறைக்குள் சேர்ப்பதுதான்.

ஆர்க்கிடெக்ட் என்றால் பணக்காரர்களுக்கு என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தமிழில் 'கட்டடக் கலைஞர்' என்று மொழிபெயர்த்ததும் ஒரு காரணமோ என்னவோ. கலைஞர் என்றதும் முகப்பு, அலங்காரம் என்று மனசு போய்விடுகிறது. பக்கத்து மாநிலத்தில் லாரி பேக்கர் வாழ்நாள் முழுக்க இதற்கு நேரெதிராகச் செய்து காட்டினார். இங்கிலாந்தில் பிறந்து 1945இல் இந்தியா வந்தவர். திருவனந்தபுரத்தில் குடியேறி, மீனவர்களுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வீடு கட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே காலியிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அங்கே பரப்பியவர் அவர்தான். ஒன்பது அங்குலச் சுவரில் ஏறக்குறைய கால்பங்கு செங்கல் மிச்சம், உள்ளே இருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். வேண்டாததைக் கட்டாமல் விடுவதுதான் அவருடைய சிக்கனத்தின் அடிப்படை. 1990இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பேக்கர் மாதிரி எல்லாரும் இருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை.

ஏனென்றால் மோசமான கதையும் கைவசம் இருக்கிறது. கோவையில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆர்க்கிடெக்ட் வைத்துத்தான் கட்டினார். கம்ப்யூட்டரில் போட்ட முப்பரிமாணப் படத்தைப் பார்த்து மயங்கிவிட்டார். ஹால் இரண்டு மாடி உயரம். பார்க்க சினிமா வீடு. இன்றைக்கு ஒரு பல்ப் மாற்றணும் என்றால் சாரம் கட்டணும். ஹாலுக்கு ஏ.சி. போட்டால் அவ்வளவு பெரிய இடத்தைக் குளிர வைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அவருடைய ஆர்க்கிடெக்ட் அந்த வீட்டைப் படம் எடுத்ததோடு சரி, மறுபடி எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்று, ஃபீஸ் சதவீதத்தில் இருந்தால், செலவு ஏற ஏற ஆர்க்கிடெக்டின் வருமானமும் ஏறும். சதுர அடி மேஸ்திரிக்கு இருக்கும் அதே சபலம்தான் இது. நாங்கள் மொத்தமாக ஒரு தொகை பேசியதால் தப்பித்தோம். வேலையின் அளவு தெரிந்த பிறகு மொத்தத் தொகை பேசுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

யார் ஆர்க்கிடெக்ட் என்பதிலும் ஒரு சிக்கல். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஐந்தாண்டுப் பட்டம் போன்ற அங்கீகரித்த தகுதியோடு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சட்டம் பாதுகாப்பது பெயரைத்தான், வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. அதாவது வீட்டை வடிவமைப்பதை இந்தச் சட்டத்தை வைத்து மற்றவர்களுக்குத் தடுக்க முடியாது, 'ஆர்க்கிடெக்ட்' என்று போர்டு மாட்டத்தான் பதிவு வேண்டும். ஆகவே 'பில்டிங் டிசைனர்', 'பிளானர்' என்ற போர்டுகளுக்குப் பின்னால் நல்ல திறமைசாலியும் இருக்கலாம், நேற்றுவரை ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரும் இருக்கலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்து உடனடியாக ஆன்லைனில் அனுமதி வாங்கிவிடலாம். தம்பிக்கு இதில் சந்தோஷம், அலைச்சல் மிச்சம் என்றான். உண்மைதான். ஆனால் கட்டும் முன்னால் அதிகாரி என்று ஒருவர் வந்து பார்த்து 'இது தப்பு' என்று சொல்கிற கடைசி வாய்ப்பும் அதோடு போய்விட்டது. விதிப்படிதான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுவது அவன். விதி என்ன என்று அவனுக்குத் தெரியாது. மேஸ்திரிக்கும் பாதிதான் தெரியும்.

முழுச் சேவைக்குக் காசு இல்லையென்றால் என்ன செய்வது என்றும் கேட்டான். நியாயமான கேள்வி. வரைபடத் தொகுப்பு மட்டும் வாங்கிக்கொண்டு, வானம், பேஸ்மட்டம், லிண்டல், சென்டரிங், டைல்ஸுக்கு முன் என ஐந்து கட்டத்தில் மட்டும் வந்து பார்க்கும்படி ஒப்பந்தம் போடலாம், பலர் சம்மதிக்கிறார்கள். அதுவும் முடியாதென்றால், மேஸ்திரியின் பிளானை எடுத்துக்கொண்டு ஒரு ஆர்க்கிடெக்டிடம் இரண்டு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துக் கருத்துக் கேட்கலாம். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும், எத்தனை தாள் வரைபடம், எத்தனை தடவை வருகை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று. மனையடி சாஸ்திரம், வாஸ்து பார்க்கிறவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பதினொன்று நல்லது, பன்னிரண்டு ஆகாது என்று பெரியப்பா சென்டரிங் அன்று வந்து சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கட்டிய புது வீட்டைப் பார்க்காதீர்கள். ஐந்து வருஷம் ஆன வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போனால் ஹாலைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய், சமைப்பவரிடம் கேளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் இன்னும் நல்லது.

தம்பி வரும் ஞாயிற்றுக்கிழமை திருநகரில் அப்படி ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறான். டேப் எடுத்துட்டுப் போடா, முதல்ல பாத்ரூம் கதவ அளந்து பாரு என்று சொல்லியிருக்கிறேன்.